எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கம்ப்யூட்டரின் 3.5 மி.மீ. ஜாக்கில் இணைப்பது: எந்தப் பின் எங்கே, ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். காட்பாடியில் வீட்டிலிருந்தே ஆன்லைன் டியூஷன் எடுக்கிறீர்கள். மைக் செட்காரர்கள் வைத்திருக்கும் மூன்று பின் டைனமிக் மைக் (வெளி மின்சாரம் தேவைப்படாத வகை) ஒன்றும், ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் (அந்த மூன்று பின் வட்டக் கனெக்டர்), மறுமுனையில் 3.5 மி.மீ. பின் உள்ள ரெடிமேட் கேபிள் ஒன்றும் வாங்கியிருக்கிறீர்கள். பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் குரல் வருகிறது. வகுப்பில் பிள்ளைகளோ, "சார், உர்ருனு சத்தம்தான் வருது, நீங்க பேசறதே கேக்கல" என்கிறார்கள். மைக் பழுதா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு யூஎஸ்பி மைக் வாங்கிவிடலாமா, இதே கேபிளைப் போனிலும் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

மைக்கில் பழுதில்லை. கேபிளின் உள் இணைப்புதான் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. பேலன்ஸ்டு மைக்கை (குரல் ஒரு வயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வருவது) அன்பேலன்ஸ்டு ஜாக்கில் (ஒரு வயரும் கிரவுண்டும் மட்டும்) போட்டால் தரமே போய்விடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் அந்த இழப்பு பெரும்பாலும் காதுக்கே தெரியாது. நிஜமாகப் படுத்துபவை வேறு மூன்று: மாறிப்போன இணைப்பு, ஜாக்கிலிருந்து வெளியே வரும் டிசி வோல்டேஜ், போதாத கெயின் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு). இந்த வரிசையிலேயே பார்த்தால் பிரச்சினை பிடிபடும்.

முதலில் பின்கள். எக்ஸ்எல்ஆரில் (கடைகளில் 'கேனன் பின்' என்றும் கேட்கலாம்) 1 என்பது ஷீல்டு, அதாவது கிரவுண்ட். 2 ஹாட், 3 கோல்டு. டைனமிக் மைக்கின் காயில் (குரலை மின்சாரமாக்கும் கம்பிச் சுருள்) 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் இருக்கிறது; 1 மைக்கின் உடம்புக்குப் போகிறது, காயிலைத் தொடுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனிச் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்தே வருகிறது. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னில் நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ். ஸ்லீவ் கிரவுண்ட்.

கடையில் கிடைக்கும் எக்ஸ்எல்ஆர்-3.5 கேபிள்கள் மூன்று விதம். மூன்றும் வெளியில் ஒரே மாதிரிதான் இருக்கும், பாக்கெட்டிலும் எது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. முதல் விதத்தில் 2 டிப்புக்கும், 3 ரிங்குக்கும், 1 ஸ்லீவுக்கும் போகும். இரண்டாவதில் டிப்பும் ரிங்கும் சேர்ந்து 2-க்குப் போகும், 1-ம் 3-ம் சேர்ந்து ஸ்லீவுக்கு. கேமராவில் இரண்டு சேனலிலும் சத்தம் பதிவாக வேண்டும் என்பதற்காகச் செய்தது இது. மூன்றாவதில் 2 டிப்புக்கு, 1-ம் 3-ம் ஸ்லீவுக்கு, ரிங் எதிலும் சேராமல் காலியாக இருக்கும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, எக்ஸ்எல்ஆர் துளை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியை விட்டு, மறுமுனையில் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உங்களுடையது எந்த விதம் என்று தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது முதல் விதம். இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இளஞ்சிவப்பு மைக் ஜாக் ஸ்டீரியோதான். டிப் இடது சேனல், ரிங் வலது சேனல். அப்போது இடது சேனலில் உங்கள் குரல் நேராகவும், வலது சேனலில் அதே குரல் தலைகீழாகவும் ஏறுகிறது. ஹெட்போனில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் குரல் கேட்கிறது; ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு கூச்சம் இருக்கும். வகுப்பு நடத்தும் செயலி இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக அனுப்புகிறது. ஒன்றோடு ஒன்று கழிந்து குரல் கிட்டத்தட்ட பூஜ்யம். கேபிளில் ஏறிய உறுமல் மட்டும் இரண்டு சேனலிலும் ஒரே பக்கமாக இருப்பதால் கழியாமல் நிற்கிறது. பிள்ளைகள் உறுமலைக் கேட்டு உங்களைக் கேட்காமல் போனது அதனால்தான்.

ஏற்கெனவே இப்படிப் பதிவான பாடங்களை அழித்துவிடாதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் கோப்பைத் திறந்து, ஸ்டீரியோ டிராக்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தேர்ந்து 'இன்வெர்ட்' கொடுத்து, பிறகு இரண்டையும் மோனோவாகக் கலந்தால் குரல் முழுசாகத் திரும்பி வரும், உறுமல் கழிந்துவிடும். பேலன்ஸ்டு இன்புட் வன்பொருளில் செய்கிற வேலையே இதுதான். இங்கே மென்பொருள் செய்கிறது. நேரலை வகுப்புக்கு இந்த வித்தை உதவாது என்பதால் கேபிளை மாற்றித்தான் ஆகவேண்டும்.

சரியான இணைப்பு மூன்றாவது விதம்: 2 டிப்புக்கு, 1-ம் 3-ம் ஸ்லீவுக்கு, ரிங் காலி. இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. உள்ளே இரண்டு வயரும் சுற்றிலும் ஷீல்டும் உள்ள மைக் கேபிளையே எடுங்கள். ஒற்றை வயர் கேபிள் வேண்டாம். 1-ஐயும் 3-ஐயும் மைக் முனையில் சேர்க்காமல், மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவந்து 3.5 பின் பக்கத்தில் சேருங்கள். சிக்னல் போய்த் திரும்பும் பாதை முறுக்கிய இரண்டு வயரிலேயே நடக்கும், ஷீல்டு ஷீல்டு வேலையை மட்டும் பார்க்கும். மின் வயர்களின் காந்தப் புலத்திலிருந்து வரும் உறுமல் முறுக்கிய ஜோடியில் மிகக் குறைவாகவே ஏறும். பேலன்ஸ்டு இணைப்பின் நன்மையில் பாதி இப்படியே கையில் நின்றுவிடுகிறது.

அடுத்தது பலர் மறந்துவிடும் விஷயம். மைக் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு டிசி வோல்டேஜை வெளியே அனுப்புகிறது. ஹெட்செட்டில் இருக்கும் சின்ன எலெக்ட்ரெட் மைக்குக்கு உயிர் கொடுக்க வைத்தது அது. பழைய சவுண்டு கார்டுகளில் ரிங்கில் மட்டும் வரும். புதியவை பலவற்றில் டிப், ரிங் இரண்டிலும் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக வரும். சோதிக்க, வயர் சேர்க்காத 3.5 பின் ஒன்றை மூடியைக் கழற்றி ஜாக்கில் செருகி, ரெக்கார்டிங் செயலியையும் திறந்து வைத்து (சில கம்ப்யூட்டர்கள் அப்போதுதான் வோல்டேஜைத் திறக்கும்), ஸ்லீவுக்கும் டிப்புக்கும் நடுவே டிசி அளவைப் பாருங்கள். 2 முதல் 5 வோல்டுக்குள் ஏதாவது காட்டினால் அதுதான் இது. நீல நிற லைன் இன் ஜாக்கில் இது இருக்காது.

டைனமிக் மைக்குக்கு இந்த வோல்டேஜ் தேவையில்லை. 2.5 வோல்டும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் என்று வைத்துக்கொண்டால், 300 ஓம் காயில் வழியாகச் சுமார் 1 மில்லிஆம்பியர் ஓடும். மைக் எரிந்துவிடாது. ஆனால் டயஃப்ரம் (காயில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு) தன் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும், செருகும்போதும் எடுக்கும்போதும் டமார் என்று வெடிக்கும், வோல்டேஜில் இருக்கும் கம்ப்யூட்டரின் கீச்சும் குரலோடு சேரும். ஒரே ஒரு கெபாசிட்டர் போட்டால் தீர்ந்தது: 10 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக். 2-வது பின்னுக்கும் டிப்புக்குப் போகும் வயருக்கும் நடுவில் தொடராக வையுங்கள். பிளஸ் கால் கம்ப்யூட்டர் பக்கம், மைனஸ் கோடு போட்ட கால் மைக் பக்கம். கையில் இருக்கிறதே என்று 1 மைக்ரோஃபாரட் போட்டுவிடாதீர்கள். இந்த ரெசிஸ்டர் அளவுக்கு 64 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கி, ஆண் குரலின் அடித்தளத்தையும் கொஞ்சம் சுரண்டும். 10 போட்டால் அது 6 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், கவலையில்லை.

கெபாசிட்டரை எங்கே வைப்பது? 3.5 பின்னின் மூடிக்குள் இடம் கிடையாது. எக்ஸ்எல்ஆர் பெண் கனெக்டரின் உறைக்குள், 5 மி.மீ. தடிமனுள்ள கெபாசிட்டர் படுத்தபடி உட்காரும். முதலில் உறையையும் கேபிள் பிடிப்பானையும் கேபிளில் கோத்துவிட்டுத் தொடங்குங்கள். மறந்தால் சால்டர் வைத்ததையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது 1-ம் 2-ம் இடம் மாறித் தெரியும், அதனால் படத்தை நம்பாமல் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட எண்ணையே பாருங்கள். கெபாசிட்டரின் மைனஸ் காலை 8 மி.மீ. விட்டு வெட்டி 2-வது குழிக்குள் வைத்து சால்டர் விடுங்கள். பிளஸ் காலில் வயரைச் சுற்றிப் பற்றவைத்து அதன் மேல் இன்சுலேஷன் குழாய் போட்டு மூடுங்கள். அது உறையின் உலோகத்தைத் தொட்டால் சத்தம் அப்படியே நின்றுவிடும். 3.5 பின்னுக்கு 25 வாட் அயர்ன் போதும். காலில் முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டு, வயரை வைத்து இரண்டு விநாடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். உள்ளே டிப்பையும் ரிங்கையும் பிரிக்கும் பிளாஸ்டிக் இளகினால் வெளியில் ஒன்றும் தெரியாது, ஆனால் பின் ஷார்ட் ஆகிவிடும். உலோக மூடியுள்ள பின்னாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் 'ஸ்டீரியோ ஈ.பி. பின்' என்றாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, கெயின். புகழ்பெற்ற ஷூர் எஸ்எம்58 மைக்கையே எடுத்துக்கொள்வோம். 94 டெசிபெல் சத்தத்துக்கு அது தருவது 1.85 மில்லிவோல்ட். வாயை மைக்குக்கு ஒட்டிப் பேசினால் கிட்டத்தட்ட அந்த அளவு சத்தம் கிடைக்கும். 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் 70 டெசிபெல் சுமார். மைக் தருவது 0.12 மில்லிவோல்ட்தான். கம்ப்யூட்டரின் ஆடியோ சிப் பலவற்றில் முழு அளவு (அதைத் தாண்டினால் ஒலி உடையும் எல்லை) 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். விண்டோஸில் 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' 30 டெசிபெல் கொடுத்தால் அது 30 மில்லிவோல்டாக இறங்குகிறது. ஒட்டிப் பேசினால் முழு அளவுக்கு 24 டெசிபெல் கீழே நிற்பீர்கள், பதிவுக்கு அது தாராளம். தள்ளிப் பேசினால் 48 டெசிபெல் கீழே; அங்கே கம்ப்யூட்டரின் சொந்த இரைச்சல் கூடவே உட்கார்ந்திருக்கும். ஆகவே காசில்லாத ப்ரீஆம்ப் (மைக் சிக்னலை முதலில் பெரிதாக்கும் கருவி) உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். மேசை ஸ்டாண்டில் மைக்கை 5 முதல் 8 செ.மீ.க்குள் கொண்டுவந்து, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், 'ப', 'ஃப' ஓசையின் காற்று அடிக்காது. பூஸ்டை 20-ல் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் 30-க்கு ஏற்றுங்கள். சவுண்டு அமைப்பில் 'என்ஹான்ஸ்மென்ட்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது வாக்கியத்தின் கடைசி எழுத்துகளை விழுங்கும்.

சத்தம் குறைவு என்று நீல நிற லைன் இன்னில் செருகுவது வீண். அது 0.3 வோல்ட் அளவை எதிர்பார்க்கிறது. மைக் தருவதற்கும் அதற்கும் 44 டெசிபெல்லுக்கு மேல் இடைவெளி. நடுவில் ப்ரீஆம்போ மிக்சரோ இல்லாமல் அந்த ஜாக் பயன்படாது.

ஆம்ப்ளிஃபயருக்கென்று விற்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்று உண்டு, ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் 6.35 மி.மீ. பின். அதை வாங்கி 3.5 அடாப்டர் போட்டு மாட்டச் சொல்பவர்கள் உண்டு. 150 ஓமை 10 கிலோ ஓமாக ஏற்றும் வகை அது. வோல்டேஜ் எட்டு மடங்கு உயரும் என்பது உண்மைதான், ஆனால் மறுபக்கம் உயர்ந்த இம்பிடன்ஸ் (ஓமில் சொல்லும் மின்தடை) இருந்தால் மட்டும். கம்ப்யூட்டர் ஜாக்கின் 2.2 கிலோ ஓம் அந்த டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மைக்குக்கு வெறும் 33 ஓமாகத் தெரியும், கிடைக்க வேண்டிய சத்தமெல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும் என்றால் 600-க்கு 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று வகை எடுங்கள், கம்ப்யூட்டர் முனையில் வையுங்கள். மேலே சொன்ன கெபாசிட்டர் அதற்கும் தேவை, டிசி ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு திணறி, ஆழ்ந்த ஒலிகளில் குரல் கரகரக்கும்.

இவ்வளவும் செய்து உறுமல் நிற்காவிட்டால், லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் கேளுங்கள். நின்றுவிட்டால் குற்றம் எர்த்தில். நம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. வயர் இருந்தாலும், வேலூர் சுற்றுவட்டாரத்துப் பாறை நிலத்திலும் பாலாற்றங்கரையின் வறண்ட மணலிலும் கத்திரி வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து பெயரளவுக்குத்தான் இருக்கும். குழியில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளக்கவும் செய்யுங்கள். உறுமலை நிறுத்த சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடாது. மைக்கின் உலோக உடம்பைத் தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் காரணம் வேறு: 1-வது பின்னின் சால்டர் விட்டிருக்கிறது. கரண்ட் போனபோது மட்டும் கரகரவென்று வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் போகாது, அந்த நேரத்துக்கு பேட்டரியில் வகுப்பெடுப்பதே வழி.

போன் விஷயம். 3.5 ஜாக் உள்ள போனிலும், ஒற்றை ஜாக் உள்ள லேப்டாப்பிலும் பின் நான்கு பகுதியாக இருக்கும்; இன்று பரவலான முறையில் டிப் இடது, முதல் ரிங் வலது, இரண்டாம் ரிங் கிரவுண்ட், ஸ்லீவ் மைக். மூன்று பகுதி பின்னை நேராகச் செருகினால் ஸ்லீவும் இரண்டாம் ரிங்கும் ஒட்டிக்கொள்ளும், போன் அதை மைக் இல்லாத வெறும் ஹெட்போன் என்று நினைக்கும். மைக்கையும் ஹெட்போனையும் தனித்தனி ஜாக்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் தேவை. ஸ்பிளிட்டர் போட்டாலும், மேலே சொன்ன சரியான கேபிளில் கெபாசிட்டர் இல்லாவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். ஆண்ட்ராய்டு ஹெட்செட் விதிப்படி மைக் 1000 ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். 240 ஓமை ஒட்டி இருந்தால் அது வால்யூம் ஏற்றும் பொத்தான், 470 ஓமை ஒட்டி இருந்தால் இறக்கும் பொத்தான். காயிலின் ஓம் அளவு அந்தப் பக்கம் விழுந்தால் போனின் வால்யூம் தானாக ஏறும். கெபாசிட்டர் போட்டுவிட்டு, அதற்குப் பின் போன் பக்கம் மைக் வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் போன் ஒழுங்காக மைக் என்று ஏற்கும்.

இதே கேபிளை வைத்து ஊர்த் திருவிழாவில் கூத்தோ பட்டிமன்றமோ பதிவு செய்ய ஆசை வரும், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். மிக்சரின் அவுட்புட் மைக் அல்ல. +4 டெசிபெல் அளவில் சராசரியாக 1.23 வோல்ட் வரும். மைக் ஜாக்கில் நேராகப் போட்டால் நொறுங்கிக் கேட்கும். 10 கிலோ ஓமைத் தொடராகவும், அதற்குப் பின் 100 ஓமைக் கிரவுண்டுக்கும் வைத்தால் 40 டெசிபெல் குறைந்து 12 மில்லிவோல்ட் ஆகும், பூஸ்ட் 10 போதும். இங்கே 3-ஐயும் 1-ஐயும் சேர்ப்பதற்கு முன் மிக்சரின் கையேட்டைப் பாருங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் சேர்த்தே ஆகவேண்டும், ஐசி வைத்த சாதாரண ஆக்டிவ் அவுட்புட் என்றால் 3-ஐச் சேர்க்காமல் காலியாக விடுவதுதான் சரி. கூம்பு ஸ்பீக்கர்களுக்குத் தெரு முழுக்க ஓடுகிற ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் லைனில் மட்டும் எந்தக் கேபிளையும் மாட்டாதீர்கள். கம்ப்யூட்டர் போகும், தொட்ட கைக்கும் ஆபத்து.

யூஎஸ்பி மைக்குக்குப் போக வேண்டாம். செலவு செய்வதென்றால் எக்ஸ்எல்ஆர் துளையுள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், இந்த மைக்கும் அதில் ஓடும், நாளைக்குக் கண்டென்சர் மைக் வாங்கினாலும் ஓடும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். கம்ப்யூட்டர் ஜாக்கின் 2.5 வோல்ட் அதற்கு எதற்கும் ஆகாது. அந்த இன்டர்ஃபேஸுக்குப் போகும் கேபிள் எக்ஸ்எல்ஆர்-எக்ஸ்எல்ஆர்தான், மூன்று பின்னும் தனித்தனியாக. 1-ம் 3-ம் ஒட்டிய கேபிளில் டைனமிக் மைக்கை மாட்டி ஃபேன்டத்தைத் திறந்தால் 6.8 கிலோ ஓம் வழியாக 7 மில்லிஆம்பியர் காயிலுக்குள் பாயும். இப்போது செய்யும் கேபிளில் 'கம்ப்யூட்டர் மட்டும்' என்று ஒரு டேப்பை ஒட்டி வைத்துவிடுங்கள்.